பதினாறு தாள்களும் ஒரு சுவர்க்கடிகாரமும்

கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறுகிற பஸ் புசல்லாவைக் கடைவீதியில் நிற்கும்போது இடதுபக்கம் எட்டிப் பார்த்தால் என் கடை தெரியும். போட்டோகொப்பி, லெமினேட்டிங், பைண்டிங், ரீலோட் எல்லாம் உண்டு. ரொத்சைல்ட், சோகம தோட்டங்களிலிருந்து இறங்கி வரும் பிள்ளைகள், கம்பளைக்கு வகுப்புக்குப் போய்வரும் பிள்ளைகள், பாடசாலை விட்டு வரும் பிள்ளைகள் எல்லோரும் இங்கேதான் வந்து நிற்பார்கள். கையில் ஒரு வினாத்தாள் இருக்கும். "அக்கா, இதுல பத்து கொப்பி."

பன்னிரண்டு வருடமாக இப்படி எத்தனை ஆயிரம் கணிதத் தாள்கள் என் கையால் கடந்து போயிருக்கும் என்று எனக்கே தெரியாது. முன்பெல்லாம் அவற்றின் ஓரம் நேராக இருக்கிறதா, மை சரியாகப் பிடித்திருக்கிறதா என்று மட்டும்தான் பார்ப்பேன். தாளுக்குள்ளே என்ன இருக்கிறது என்று வாசிக்கத் தொடங்கியது அண்ணன் மகள் தரம் 11க்கு வந்த பிறகு. வாசித்த பிறகு நான் வேறு ஆளாகிவிட்டேன். சரியான பயிற்சித் தாளைத் தெரிந்து, சரியான ஒழுங்கில், சரியான நேரக்கணக்கில் செய்வது ஒரு பிள்ளையை என்னவாக மாற்றும் என்பதை என் கண்ணால் பார்த்துவிட்டேன். அந்தச் சந்தோஷத்தை எழுதாமல் இருக்க முடியவில்லை.

எனக்கு இதில் இவ்வளவு அக்கறை ஏன் என்றால், 1997இல் நானும் சாதாரண தரம் எழுதினேன். மற்றப் பாடங்கள் எல்லாம் சித்தி. கணிதத்தில் மட்டும் தவறிவிட்டேன். உயர்தரத்துக்குப் போக ஆறு பாடங்களில் சித்தி வேண்டும். அந்த ஆறுக்குள் தாய்மொழியும் கணிதமும் கட்டாயம் இருக்க வேண்டும். மூன்றில் சி தரமாவது இருக்க வேண்டும். அந்த ஒரு பாடத்தோடு என் படிப்பு நின்றது. பரீட்சை மண்டபத்தில் உட்காரும் நாள்வரை ஒரு முழு வினாத்தாளை நேரம் வைத்துச் செய்து பார்த்ததே இல்லை. செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியாது. தமிழ்மொழி மூலக் கணித ஆசிரியர் கிடைப்பதே மலையகத்தில் பெரும்பாடாக இருந்த காலம் அது.

2024 ஆகஸ்ட் மாதம் அண்ணன் மகள் என்னோடு தங்கிப் படிக்க வந்தாள். தோட்டத்து லயத்துக் காம்பிராவில் நாலு பேருக்கு நடுவில் கொப்பியை விரிக்க இடமில்லை. என் கடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை இருந்தது. வரும்போது ஒரு பை நிறையத் தாள்கள் கொண்டுவந்தாள். யார் யாரோ கொடுத்த மாதிரித் தாள், எதிர்பார்க்கை வினாக்கள், வட்ஸ்அப்பில் வந்ததை அச்செடுத்தது, முதல் பக்கம் கிழிந்து எந்த வருடம் என்றே தெரியாதது. பிள்ளை அத்தனையையும் மாறி மாறிச் செய்துகொண்டிருந்தாள். எதையும் முடிக்கவில்லை.

ஒருநாள் இரவு பின்னறையில் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. போய்ப் பார்த்தால் கவராயமும் அடிமட்டமுமாக உட்கார்ந்திருக்கிறாள். தாள் முழுக்க அழித்து அழித்துக் கறுத்துப் போயிருக்கிறது.

"என்னா புள்ள, இன்னும் தூங்கலயா?"

"வில்லு ரெண்டும் வெட்டவே மாட்டேங்குது அத்தை. அரை மணித்தியாலமா கீறுறேன். எனக்குக் கணக்கே வராது போல."

வினாவை வாங்கி வாசித்தேன். பக்கங்கள் 4 சென்ரிமீற்றர், 5 சென்ரிமீற்றர், 10 சென்ரிமீற்றர் உள்ள முக்கோணியை அமைக்கச் சொல்லியிருந்தது. நான் கணக்கில் தவறியவள்தான். ஆனாலும் நாலும் ஐந்தும் சேர்ந்தால் ஒன்பதுதானே, பத்தை எப்படி எட்டும்? அப்படி ஒரு முக்கோணி உலகத்தில் கிடையாது. யாரோ அவசரத்தில் தட்டச்சுச் செய்து, சரிபார்க்காமல் விற்ற மாதிரித் தாள் அது. பிழை தாளில் இருந்தது. பிள்ளையோ தன் மூளையில் பிழை என்று நினைத்து அழுதுகொண்டிருந்தாள். அன்றைக்கு நான் எடுத்த முடிவு: இனி இந்த வீட்டுக்குள் வரும் ஒவ்வொரு தாளும் எங்கிருந்து வருகிறது, யார் தயாரித்தது, விடை உண்டா என்று பார்த்துத்தான் மேசைக்குப் போகும்.

தேடத் தொடங்கியபோதுதான் எவ்வளவு பெரிய புதையல் எங்கள் கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கிறது என்று தெரிந்தது!

முதல் இடம், சந்தேகமே இல்லாமல், பரீட்சைத் திணைக்களத்தின் கடந்தகால வினாத்தாள்களுக்குத்தான். பிள்ளைகள் பாஸ்ட் பேப்பர் என்று சொல்வது. நடைமுறையில் இருக்கும் பாடத்திட்டம் 2015இல் தரம் 10க்கும் 2016இல் தரம் 11க்கும் வந்தது. அதன்படி நடந்த முதல் பரீட்சை 2016. ஆகவே 2016க்கு முந்திய தாள்களை நேரம் வைத்துச் செய்து புள்ளி பார்ப்பதில் அர்த்தமில்லை. அவற்றிலிருந்து பயிற்சிக்குத் தனித்தனி வினாக்களை எடுக்கலாம், அவ்வளவுதான். 2016 முதல் 2023 வரை எட்டு வருடம். வருடத்துக்கு இரண்டு தாள். மொத்தம் பதினாறு. இந்தப் பதினாறும் பொன். ஏனென்றால் உண்மையான பரீட்சையை யார் தயாரிக்கிறார்களோ அவர்களே இந்தப் பாடத்திட்டத்துக்குத் தயாரித்தவை இவை. சொற்கள் எப்படி வரும், வரிப்படம் எப்படி இருக்கும், எந்த அலகை எதோடு கோத்துக் கேட்பார்கள் என்பதெல்லாம் இவற்றில்தான் அசலாக இருக்கிறது.

தாளின் கட்டமைப்பைப் பாருங்கள், எவ்வளவு நேர்த்தி! முதலாம் தாள் இரண்டு மணித்தியாலம். அதன் முதல் பகுதியில் 25 சிறு வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் 2 புள்ளி. அடுத்த பகுதியில் 5 வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் 10. கூட்டினால் 100. இரண்டாம் தாள் மூன்று மணித்தியாலம். இரண்டு பகுதி, பகுதிக்கு ஆறு வினா, ஆறில் ஐந்தைச் செய்தால் போதும். பத்து வினா, பத்துப் பத்துப் புள்ளி, அதுவும் 100. இரண்டையும் கூட்டி இரண்டால் பிரித்தால் இறுதிப் புள்ளி. 35க்கு எஸ், 50க்கு சி, 65க்கு பி, 75க்கு ஏ. இதைத் தெரிந்துகொண்ட அன்றே அண்ணன் மகளின் முகத்தில் பாதிப் பயம் போய்விட்டது. 180 நிமிடத்தைப் பத்தால் பிரித்து, ஒரு வினாவுக்கு 18 நிமிடம் என்று சுவரில் எழுதி ஒட்டினாள். கணிதப் பரீட்சைக்கு அவள் செய்த முதல் கணக்கு அதுதான்.

இரண்டாவது புதையல் புள்ளித் திட்டம். மார்க்கிங் ஸ்கீம் என்றால் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும்; ஆனால் பெரும்பாலானோர் அதைக் கடைசி வரியில் விடை சரியா என்று பார்க்க மட்டும் எடுக்கிறார்கள். ஐயோ, அது எத்தனை பெரிய நஷ்டம்! புள்ளித் திட்டத்தை வரி வரியாக வாசிக்க வேண்டும். பரீட்சகர் எந்த வரியில் பேனையை நிறுத்திப் புள்ளி போடுகிறார் என்று அது காட்டுகிறது.

ஒரு உதாரணம் சொல்கிறேன். பங்குச் சந்தை அலகில் அவள் ஒரு வினா செய்தாள். ஒருவர் பங்கொன்று 40 ரூபா வீதம் 80,000 ரூபாவுக்குப் பங்குகள் வாங்குகிறார். வருடத்துக்குப் பங்கொன்றுக்கு 3 ரூபா பங்கிலாபம். பிறகு பங்கொன்றை 46 ரூபாவுக்கு விற்கிறார். வருமானம் எவ்வளவு, மூலதன இலாபம் எவ்வளவு? 80,000ஐ 40ஆல் பிரித்தால் 2,000 பங்கு. பங்கிலாபம் 6,000. பங்குக்கு 6 ரூபா கூடியதால் மூலதன இலாபம் 12,000. அவளோ ஒரு பூச்சியத்தை விட்டு 200 பங்கு என்று எழுதிவிட்டாள். அதிலிருந்து எல்லா விடையும் பிழை. வினா முழுவதற்கும் சிவப்புப் பேனையால் ஒரு பெரிய பூச்சியம் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"திட்டத்தைப் பாத்தியா?" என்று கேட்டேன். எடுத்துப் பக்கத்தில் வைத்தோம். பிரித்தல் என்ற வழிமுறைக்குப் புள்ளி இருந்தது. பங்குகளின் எண்ணிக்கையைப் பங்கிலாபத்தால் பெருக்க வேண்டும் என்று காட்டியதற்கும் இருந்தது. விடைக்கு உரியது மட்டும்தான் போயிருந்தது. அவள் திரும்பத் திரும்ப எண்ணினாள். "அப்ப நான் பூச்சியம் இல்லையா அத்தை?" அந்தக் குரல் இன்னும் என் காதில் நிற்கிறது. அன்றையிலிருந்து ஒரு படியையும் மனதுக்குள் செய்துவிட்டுத் தாண்ட மாட்டாள். எல்லாவற்றையும் எழுதுவாள். கேத்திரகணித நிறுவலில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் காரணத்தை அடைப்புக்குள் எழுதுவாள், ஏனென்றால் அந்தக் காரணத்துக்கே புள்ளி உண்டு. வரைபு கீறும்போது அச்சுகளுக்கு ஒன்று, புள்ளிகளைச் சரியாகக் குறித்ததற்கு ஒன்று, ஒப்பமான வளையிக்கு ஒன்று என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே கீறுவாள். கணிப்பானுக்கு இடமில்லாத பரீட்சையில் இப்படி எழுதப்பட்ட படிகள்தான் பிள்ளைக்குத் துணை.

மூன்றாவது புதையலைப் பலர் கேள்விப்பட்டதே இல்லை: பரீட்சைத் திணைக்களம் வெளியிடும் மதிப்பீட்டு அறிக்கை. இதைப் பற்றி என்னைப் பேசவிட்டால் கடையை மூடும்வரை பேசுவேன்! நடந்து முடிந்த பரீட்சையின் ஒவ்வொரு வினாவையும் எடுத்து, அதில் என்ன எதிர்பார்த்தார்கள், எத்தனை வீதம் பேர் அதைத் தெரிவு செய்தார்கள், எங்கே வழுக்கினார்கள், ஆசிரியர்கள் எதைக் கவனிக்க வேண்டும் என்று எழுதியிருப்பார்கள். நாடு முழுதும் எழுதிய பிள்ளைகளின் பிழைகளை ஒரே இடத்தில் சேர்த்து வைத்த புத்தகம். அதை வாசித்தபோது எங்கள் பிள்ளை தவறிய இடத்தில்தான் கொழும்பிலும் காலியிலும் யாழ்ப்பாணத்திலும் பிள்ளைகள் தவறியிருக்கிறார்கள் என்று தெரிந்தது. தோட்டத்துப் பிள்ளை என்பதால்தான் தனக்குக் கணக்கு வரவில்லை என்று அவள் மனதின் அடியில் கிடந்த நினைப்பை அந்தப் பக்கங்கள் துடைத்தெடுத்தன. இதற்காக மட்டுமே அந்த அறிக்கையைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

மாகாண மட்டத் தவணைப் பரீட்சைத் தாள்களுக்கும் நல்ல இடம் உண்டு. மத்திய மாகாணத்தின் தாள்கள் எங்கள் பாடசாலைகளிலேயே நடப்பவை. வடமாகாணத் தாள்கள் வட்ஸ்அப்பில் மலையேறி வந்துவிடும். புதுப் புது வினாக்கள், தமிழும் சுத்தமாக இருக்கும், புள்ளித் திட்டமும் பெரும்பாலும் கூடவே வரும். அசல் தாள்களைத் தொடுவதற்கு முன் கையைப் பழக்க இவற்றைவிட நல்லது இல்லை. மாதிரித் தாள்களைப் பொறுத்தவரை என் சட்டம் இதுதான்: விடையும் படிகளும் இல்லாத மாதிரித் தாள் மேசைக்கு வரக்கூடாது. வந்தாலும் பெரியவர் ஒருவர் முதலில் மூன்று வினாக்களைச் செய்து பார்க்க வேண்டும். எதிர்பார்க்கை வினா என்று பரீட்சைக்கு முதல் வாரம் வருவதை என் கடையில் கொப்பி எடுத்துக் கொடுப்பேன். ஆனால் எங்கள் பிள்ளையைத் தொட விடமாட்டேன். இதுதான் வரும் என்று எவராவது சொன்னால், வராவிட்டால் பிள்ளைக்கு என்ன ஆகும் என்று அவர் யோசிக்கவில்லை என்று அர்த்தம்.

சரி, ஒழுங்கு? அதில்தான் எல்லாம் இருக்கிறது!

செப்டெம்பரிலிருந்து நவம்பர்வரை அலகு அலகாக. பாடநூலில் ஒரு அலகு முடிந்ததும் அந்த அலகில் பழைய தாள்களில் வந்த தனி வினாக்கள். டிசம்பரில் தவணைத் தாள்கள், நேரம் பார்க்காமல். தைப்பொங்கல் முடிந்த கையோடு, 2025 ஜனவரி 18, சனிக்கிழமை, காலை எட்டரை மணிக்கு 2016ஆம் ஆண்டின் முதலாம் தாளை மேசையில் வைத்தேன். மறுநாள் ஞாயிறு அதே நேரத்துக்கு இரண்டாம் தாள். வாரத்துக்கு ஒரு வருடம். எட்டு வாரம், எட்டு வருடம். மார்ச் 9இல் 2023 முடியும். பரீட்சை 17ஆம் திகதி தொடங்கும். நடுவில் இருக்கும் ஒரு வாரம் பிழைக் கொப்பிக்கு. இதைக் கலண்டரில் குறித்தபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அவ்வளவு அழகாகப் பொருந்தி வந்தது.

பழையதிலிருந்து புதியதற்கு என்ற இந்த ஒழுங்கை மாற்றவே கூடாது. அநேக பிள்ளைகள் கடைசி வருடத் தாளைத்தான் முதலில் தேடுகிறார்கள். அது இப்போதைய பரீட்சைக்கு மிகவும் கிட்டிய தாள்; ஆயத்தம் முற்றிய பிறகு அதைச் செய்தால்தான் தன் நிலைமை பிள்ளைக்குத் தெரியும். முதல் வாரமே அதைச் செய்து கெடுத்துக்கொண்டால் திரும்பக் கிடைக்காது. ஒரு தாளை முதல் தடவை பார்ப்பது ஒரே ஒரு தடவைதான்.

அந்தச் சனிக்கிழமைகளை எப்படி மறப்பேன்! மலைமேல் மூடுபனி இறங்கியிருக்கும். வீதியில் கொழுந்து லொறி ஏறிப் போகும். முன்கடையில் இருந்த சுவர்க்கடிகாரத்தைக் கழற்றிப் பின்னறையில் அவள் எதிரே மாட்டினேன். கைப்பேசி என் லாச்சிக்குள். தண்ணீர்ப் போத்தல் ஒன்று, பேனை இரண்டு, கவராயம், அடிமட்டம். முதல் 10 நிமிடம் வாசிப்பு நேரம் என்று இரண்டாம் தாளுக்குத் திணைக்களம் கொடுப்பதை நானும் கொடுப்பேன். அந்த நேரத்தில் பேனையைத் தொடக்கூடாது, எந்த வினாவை விடுவது என்று மட்டும் முடிவெடுக்க வேண்டும். கடைக்கு வந்தவர்களிடம் வாயில் விரலை வைத்துக் காட்டுவேன். எங்கள் ஊர் ஆட்கள் தங்கமானவர்கள். "பேப்பர் செய்யிதா?" என்று ரகசியமாகக் கேட்டுவிட்டுக் காசையும் ஓசைப்படாமல் வைத்துவிட்டுப் போவார்கள்.

2016இல் முதலாம் தாள் 41. இரண்டாம் தாள் 22. இரண்டாம் தாளில் மூன்று வினாவைத் தொடவே நேரமில்லை. இறுதிப் புள்ளி 31½. எஸ்ஸுக்கும் கீழே. அவள் முகம் வாடியது. எனக்கோ உள்ளே ஒரு உற்சாகம், ஏனென்றால் 1997இல் எனக்குக் கிடைக்காத தகவல் அது. எங்கே நிற்கிறோம் என்று பரீட்சைக்கு இரண்டு மாதம் முன்பே தெரிந்துவிட்டதே!

பிழைகளை மூன்று நிறத்தில் பிரித்தோம். தெரியாமல் விட்டது சிவப்பு. தெரிந்தும் தவறியது நீலம். நேரம் போதாமல் விட்டது பச்சை. கொப்பியைப் பார்த்தால் பச்சையும் நீலமும்தான் நிறைந்திருந்தன. சிவப்பு இரண்டே இடம்: வட்ட நாற்பக்கலும் திரள் மீடிறன் வளையியும். கணக்கே வராது என்று அழுத பிள்ளைக்கு உண்மையில் வராதது இரண்டு அலகு! அந்த இரண்டையும் பாடசாலை ஆசிரியரிடம் கேட்டுவந்தாள். மற்றவற்றுக்குக் கடிகாரம் ஆசிரியராக இருந்தது.

அந்த நாட்களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளை ஒருத்தி கட்டுரைகள் அச்செடுக்க வந்தாள். பின்னறையைப் பார்த்துவிட்டு, "இதைப் பற்றியே ஆராய்ச்சி இருக்கு அக்கா" என்றாள். 2006இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் செய்த பரிசோதனையாம். ஒரு பந்தியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஒரு பக்கம். ஒருமுறை வாசித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் ஒரு பக்கம். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் வாசித்தவர்கள் முன்னுக்கு. ஒரு வாரம் கழித்துக் கேட்டால் எழுதிப் பார்த்தவர்கள்தான் முன்னுக்கு! கேட்டதும் எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது. சோதனை என்பது படித்ததை அளக்கும் கோல் மட்டுமல்ல, அதுவே படிப்பு.

சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு தமிழ்நாட்டுக்குப் போய்க் கூடலூரில் குடியிருக்கும் சித்தப்பா வீட்டிலும் வினாத்தாள் தேடும் இதே கதைதான். அங்கே பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குப் பெற்றோர் ஆசிரியர் கழகம் போடும் வினா வங்கிப் புத்தகத்தைப் பிள்ளைகள் வேதம் மாதிரி வைத்திருக்கிறார்களாம். கடல் தாண்டினாலும் நல்ல வினாத்தாளைத் தேடும் தவிப்பு ஒன்றுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2022இல் நாடு நொடித்தபோது கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே தள்ளிவைத்தார்கள். ஏ4 கட்டு ஒன்றைப் பிடிக்க நான் கண்டிவரை அலைந்திருக்கிறேன். அந்த நாட்களில் ஒரு பிள்ளை ஒரே ஒரு தாளைக் கொண்டுவந்து, "இதை மட்டும் எடுத்துத் தாங்க அக்கா, நாங்க ஆறு பேரும் பாத்து எழுதிக்கிறோம்" என்று நின்றாள். ஒரு வினாத்தாளின் பெறுமதி என்னவென்று அந்தப் பிள்ளைகளைக் கேட்க வேண்டும். கண்டபடி நூறு தாள் குவிப்பதைவிட, தேர்ந்தெடுத்த பதினாறை முழுதாகச் செய்து, முழுதாகத் திருத்தி, பிழையை மறுபடி செய்து பார்ப்பது எவ்வளவோ மேல் என்று அவர்களிடமிருந்தும்தான் கற்றுக்கொண்டேன்.

மார்ச் 9, ஞாயிறு, பதினோரு மணி நாற்பது நிமிடம். 2023இன் இரண்டாம் தாளைக் கட்டி என்னிடம் நீட்டினாள். பத்து வினாவும் செய்திருந்தாள். திருத்தி முடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டது. முதலாம் தாள் 78, இரண்டாம் தாள் 59. கூட்டிப் பிரித்தேன். 68½. இரண்டு தடவை கூட்டிப் பார்த்தேன். "பி அத்தை, பி!" என்று அவள் கத்தியதில் முன்கடையில் ரீலோட் போட நின்ற ஆள் திரும்பிப் பார்த்தார்.

ஜூலையில் பெறுபேறு வந்தது. கணிதம், பி. அவளுக்கு அது ஆச்சரியமாகவே இல்லை; "அதான் நாம மார்ச்லயே பாத்துட்டமே" என்றாள். அந்த ஒரு பேச்சில் எனக்கு எல்லாம் நிறைந்துவிட்டது. பெறுபேறு வரும்வரை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்த என் காலத்துக்கும், முன்கூட்டியே தன் இடம் தெரிந்து நிமிர்ந்து போய் எழுதிய அவள் காலத்துக்கும் நடுவில் இருந்தவை பதினாறு தாள்களும் ஒரு சுவர்க்கடிகாரமும்தான்.

கடிகாரம் இன்னும் பின்னறையில்தான் இருக்கிறது. இப்போது சனிக்கிழமைகளில் அங்கே மூன்று பிள்ளைகள் உட்காருகிறார்கள். இடம் இல்லாத பிள்ளைக்கு இடம் உண்டு, காசு கேட்பதில்லை. கவுண்டர் மேல் ஒரு பெட்டி வைத்திருக்கிறேன். வருட ஒழுங்கில், புள்ளித் திட்டத்தோடு சேர்த்துக் குத்திய தாள்கள். 2024உம் சேர்ந்துவிட்டதால் பதினெட்டு. உயர்தரத்துக்குப் போவதற்கு முன் அண்ணன் மகள் அந்தப் பெட்டியின் மூடியில் தன் கையெழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறாள்: "2016ல இருந்து எடுங்க. புதுசைக் கடைசிக்கு வைங்க. பூச்சியம் போட முன்ன திட்டத்தைப் பாருங்க."